மறு: எலிக்காய்ச்சல் துண்டறிக்கை – ‘ஹோஸ்ட்’ என்பதற்கு எந்தச் சொல்?

> ‘விருந்தோம்பி’ என்றே போடுங்கள் டீச்சர். வள்ளுவர் ஓர் அதிகாரமே தந்திருக்கிறார்.

ஐயா, வணக்கம். ‘ஹோஸ்ட்’ என்பது கிருமி குடியேறும் உயிர், எலியோ மனிதரோ. துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் படிக்கப் போகும் தாள் இது. ‘விருந்தோம்பி’ என்றால் நோயாளியே கிருமியை வரவேற்றதாகிவிடும். அந்தப் பழியை அவர்கள்மேல் போட எனக்கு மனம் வரவில்லை.

எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா பாக்டீரியா எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது. எலிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. சிறுநீரோடு வெளியேறி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் கிடக்கும். வெட்டிப் போட்ட மட்டையின் முள் காலைக் கீறியிருந்தால் அந்தக் கீறல் போதும், உள்ளே போய்விடும். கண், மூக்கு, வாய் வழியாகவும் போகும். அப்புறம் இரத்தத்தில் பரவி நம் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும். ‘உயிரினும் ஓம்பப் படும்’ என்பதில் ஓம்புதல் பேணிக் காப்பது. எலி ஓம்புகிறது, சரி. நம் உடம்பு எதிர்த்து நிற்கிறதே! அதனால் பலர் எழுதியனுப்பிய ‘ஓம்புயிர்’ மீதும் எனக்குக் குறை உண்டு.

> இடைநிலைப்பள்ளியில் மலாயில் ‘பெரூமா’ என்றுதான் படித்தோம். ரூமா என்றால் வீடு. ‘உறையுயிர்’ எனலாமே?

தம்பி, உறையுயிர் வினைத்தொகை. உறைகிற உயிர் என்று பிரித்தால் அது கிருமியைக் குறிக்கும்.

> உண்கலம் என்றால் கலமா உண்கிறது? உறையூரில் ஊரா உறைகிறது? இலக்கணம் இடம் கொடுக்கிறது டீச்சர்.

கொடுக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். உறையூர், உறையுள், உறைவிடம் என்று நீங்கள் அடுக்கியவற்றையும் படித்தேன். ஆனால் உண்கலத்தில் கலம் உண்ணாது என்பது எவருக்கும் தெரியும். உயிரோ உறையவும் செய்யும். மருந்தகத்தில் வரிசையில் நின்று படிப்பவருக்கு எந்த உயிர் எதில் உறைகிறது என்ற ஐயமே வரக்கூடாது.

அடுத்த பத்தி டிங்கி. அதைத் தரும் நச்சில் (வைரஸ்) தனியாகப் பெருகாது. உயிரணுவுக்குள் புகுந்து, அதன் கருவிகளைக் கொண்டே தன்னைப் படியெடுத்துக்கொள்ளும். அங்கே உயிரணு, தன்னை அறியாமலே, ஓம்பத்தான் செய்கிறது. இந்த ஒரு காரணத்துக்காக ‘ஓம்புயிர்’ பக்கம் சாய்கிறேன். எழுதியவர்களில் பெரும்பாலோரும் அதையே சொல்கிறார்கள். ‘நச்சில்’ வேண்டாம், ‘வைரஸ்’ போதும் என்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கோவிட் காலத்தில் நம் நாளிதழ்களில் பழகிய சொல்தான்.

> அச்சிடுங்கள். ஆனால் விருந்தோம்பியை நான் விடுவதாக இல்லை. திருமூலரில் ‘ஓம்பு’ வரும் இடங்களை நாளை அனுப்புகிறேன்.

அனுப்புங்கள் ஐயா. தான் நோயுறாமல் கிருமியை வைத்திருக்கும் எலியை மட்டும் தனியாகக் குறிக்கவும் ஒரு சொல் வேண்டும். வியாழன் இரவு வரை பார்க்கிறேன்; வராவிட்டால் ‘கிருமி தங்கும் எலி’ என்றே போட்டுவிடுகிறேன்.