பொருள்: மறு: அட்டாச்மென்ட் – பிணைப்பா, பற்றா, ஒட்டுதலா?

> 'பாதுகாப்பான பிணைப்பு', 'பாதுகாப்பற்ற பிணைப்பு' என்றே வைத்துவிடலாமே.

ஐயா, வணக்கம். குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையே உருவாகும் 'அட்டாச்மென்ட்'டுக்கும் அதன் வகைகளுக்கும் தமிழ்ச் சொல் தேடுகிறோம். 'செக்யூர்', 'இன்செக்யூர்' வகைகளுக்கு நீங்கள் சொன்னவை மேலே உள்ளவை.

இந்த இரண்டையும் போன வாரம் காசிமேட்டில் ஓர் அங்கன்வாடியில் தாய்மார்களிடம் வாசித்துப் பார்த்தேன். விடியும் முன்னே மீன் எடுக்கக் கிளம்புகிறவர்கள். திரும்பி வரும்வரை பிள்ளை ஆயாவிடம். (அங்கே ஆயா என்றால் பாட்டி, அங்கன்வாடி உதவியாளரும் ஆயா!) "அப்ப எங்க வூட்ல புள்ளைக்குப் பாதுகாப்பு இல்லன்றீங்களா?" என்று ஒருவர் கேட்டார். தாளை மடித்து வைத்துவிட்டேன்.

பற்று வேண்டாம். அதை விடச் சொல்லித்தான் நமக்குப் பழக்கம். போதாக்குறைக்கு வங்கிக் கணக்கில் வேறு உட்கார்ந்திருக்கிறது. இணைப்பை மின்னஞ்சலும் எரிவாயுவும் எடுத்துக்கொண்டன.

ஒட்டுதல் என்பதே என் வாக்கு. "அப்பா மேல ஒட்டுதலே இல்ல" என்று அவர்கள் வாயிலேயே வருகிறது. சுவரொட்டி நினைவு வரும் என்றீர்கள். 'மேல்' சேர்ந்தால் வராது. இந்தக் கோட்பாட்டைத் தொடங்கிவைத்த மனநல மருத்துவர் ஜான் போல்பி சொன்னதும் அதைத்தானே: பாலூட்டுவதால் மட்டும் வருவதல்ல, பயந்தால் ஓடிப்போய் அண்ட குழந்தைக்குக் குறிப்பிட்ட ஒருவர் வேண்டும்.

வகைகளுக்கு வருவோம். உளவியலாளர் மேரி எயின்ஸ்வர்த்தின் சோதனையில், பழகாத அறையில் ஒரு வயதுக் குழந்தையை விட்டுத் தாய் இருமுறை வெளியே போய் வருவார். சுமார் 20 நிமிடம். பிரியும்போது அழுததா என்பதைவிட, அவர் திரும்பியதும் என்ன செய்தது என்பதே முக்கியம். அங்கன்வாடி வாசலிலும் அதையே பார்த்தேன். ஒன்று அம்மா இடுப்பில் ஏறி, கொஞ்ச நேரத்தில் இறங்கி விளையாடப் போய்விட்டது. இன்னொன்று தூக்கச் சொல்லி அழுது, தூக்கியதும் உதைத்தது. மூன்றாவது நிமிர்ந்தே பார்க்கவில்லை. "சமத்து" என்றார்கள். சோதனையில் இப்படி இருக்கும் குழந்தைகளுக்கு உள்ளே இதயம் வேகமாக அடிப்பதை அளந்திருக்கிறார்கள். (வாசலில் பார்த்ததை வைத்து நான் முத்திரை குத்தவில்லை. இவை நோய்ப் பெயர்களும் அல்ல.)

ஆகவே, அதே வரிசையில்: தேறும் ஒட்டுதல், தவிக்கும் ஒட்டுதல், ஒதுங்கும் ஒட்டுதல். இரண்டாவதற்கு முதலில் 'தேறாத' என்று எழுதினேன். "தேறாத கேஸ்" காதில் விழுந்ததும் அடித்துவிட்டேன்.

பின்னால் ஆய்வாளர்கள் மேரி மெயினும் ஜூடித் சாலமனும் சேர்த்த நான்காவது வகைதான் சிக்கல். அம்மாவை நோக்கி நடக்கும் குழந்தை பாதியில் அப்படியே உறைந்து நின்றுவிடும். 'குழம்பிய' என்றால் பிள்ளையின் புத்தியைச் சொல்வது போல் இருக்கிறது. உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றுகிறதா?