அம்மாவின் பார்வையைக் காக்க அவசர உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோட்டில் வசிக்கும் என் அம்மாவுக்கு வயது 71. மூன்று வாரங்களாக வலது நெற்றிப்பொட்டில் தீராத வலி. தலை சீவும்போது சீப்பு பட்டாலே துடித்துப்போகிறார். மெல்லும்போது தாடை வலிப்பதால், மெல்லாமல் விழுங்கக்கூடிய ராகிக் களி மட்டுமே உண்கிறார். ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை கொடுத்தே நாட்கள் கழிந்தன. நேற்று மாலை, வலது கண்ணில் திரை விழுந்ததுபோல் சில நிமிடங்கள் பார்வை மறைந்து திரும்பியது.

இன்று பார்த்த மருத்துவர், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான இ.எஸ்.ஆர். மிக அதிகமாக 96 இருப்பதைக் கண்டு, இது ஜெயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் எனும் தமனி அழற்சியாக இருக்கலாம் என்றும், போன பார்வை பெரும்பாலும் திரும்பாது என்பதால் பயாப்ஸிக்காக (திசுவை எடுத்துச் செய்யும் பரிசோதனை) காத்திருக்கக் கூடாது என்றும் கூறி, உடனே பிரெட்னிசோலோன் எனும் ஸ்டீராய்டு மருந்தை 60 மில்லிகிராம் கொடுத்து, இன்றே நிபுணரிடம் அழைத்துச் செல்லச் சொன்னார். அவருக்கு நான் என்றும் கடன்பட்டவன்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூரில் இந்நோயைக் கவனித்த மூட்டுவாத நோய் நிபுணர் எவரேனும் உண்டா? இல்லையெனில், சேலம், பெங்களூரு இரண்டில் எங்கே இன்றிரவே அனுமதித்து, ஓரிரு வாரங்களுக்குள் நெற்றிப்பொட்டுத் தமனி பயாப்ஸியும் செய்வார்கள்? அம்மாவுக்குச் சர்க்கரை நோயும் உண்டு. ஸ்டீராய்டால் அது ஏறும் என்பதால், அதையும் சேர்த்துக் கவனிக்கும் இடமாக இருந்தால் நல்லது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் உள்ளது. வண்டியும் தயாராக நிற்கிறது. நேரில் அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து உடனே தெரிவியுங்கள்.