தரம் 7: ஓடினால் பந்து நழுவுகிறது, பாஸ் முன்னால் போகிறது

கொழும்பு06_பீரீ
டச் றக்பி (ஆளைப் பிடித்து வீழ்த்தாமல் கையால் தொட்டு நிறுத்துகிற றக்பி) தொடங்கி மூன்று வாரம். 28 பிள்ளைகள், 4ஆம் அளவுப் பந்து 6, பாடவேளை 40 நிமிடம். நின்ற இடத்தில் பாஸ் ஒழுங்காக வருகிறது. ஓடத் தொடங்கினால் பந்து நழுவும், அல்லது முன்பாஸ் (முன்னால் போகிற பாஸ், விதிப்படி பிழை). வலப்பக்கம் போடுவது இன்னும் மோசம். எங்கிருந்து திருத்துவது?

பின்வரிசை
பிடிக்கிற கையிலிருந்து. பந்து வர முன்பே இரண்டு கையும் பந்து வரும் பக்கம் நீண்டிருக்க வேணும்: விரல்கள் விரிந்து மேல் நோக்கி, பெருவிரல்கள் கிட்டக்கிட்ட. நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கிற பிள்ளை, பந்தைத் திரும்பப் பிரித்தெடுத்துத்தான் பாஸ் போடும். அதற்குள் டச் விழுந்துவிடும், அதாவது எதிரணி தொட்டுவிடும். டச் விழுந்த பிறகு போட்டால் எதிரணிக்குப் பெனல்டி.

வலப்பக்கம் போடும்போது தள்ளுவது இடக்கை. வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு அது பலம் குறைந்த கை. 3 மீற்றர் தூரத்தில், இடக்கையால் மட்டும் 10 பாஸ் போடவிடுங்கள். முடிவில் விரல்கள் பிடிப்பவரைக் காட்டி நிற்குதா என்று பாருங்கள். ஸ்பின் பாஸ் (பந்தைச் சுழலவிட்டுப் போடுவது) இப்போதைக்கு வேண்டாம்.

ஹாஃப்_9
முன்பாஸுக்குக் காரணம் கையைவிடப் பெரும்பாலும் பிடிப்பவர் நிற்கிற இடம். அவர் பந்துக்காரனுக்குச் சமனாக ஓடினால் பின்னால் போட இடமே இல்லை. நாலு பேரை 4 மீற்றர் இடைவெளியில், ஒவ்வொருவரும் முன்னவருக்கு 2 மீற்றர் பின்னால் வருமாறு சாய்வாக நிறுத்துங்கள். 20 மீற்றர் நடந்தே போகட்டும், பிறகு மெல்லோட்டம். பந்து பக்கத்து ஆளின் கைக்கு வந்த பிறகுதான் அடுத்தவர் வேகமெடுக்க வேணும். போடுபவர் இடுப்பைத் திருப்பாமல் கையை மட்டும் வீசினாலும் பந்து முன்னால்தான் போகும்.

6 பந்துக்கு 24 பேர். மிச்சம் 4 பேரும் தடுப்பாளர். சுற்றுக்குச் சுற்று மாற்றுங்கள்.

கொழும்பு06_பீரீ
நன்றி. மழை பெய்த பின்னேரங்களில் என்ன செய்வது? பந்து சவர்க்காரம் மாதிரி.

ஹாஃப்_9
துவாய் இரண்டு வைத்திருங்கள். தூரத்தை 2 மீற்றராகக் குறைத்து ரோல்போலை (டச் விழுந்த இடத்தில் பந்தைத் தரையில் வைத்து ஆட்டத்தைத் தொடர்வது) எடுங்கள். கால்களுக்கிடையில் பின்னுக்கு உருட்டுவது ஒரு மீற்றரைத் தாண்டக்கூடாது. ஹாஃப் (அந்தப் பந்தை எடுத்துப் போடுபவர்) பந்துக்குப் பக்கத்தில் காலை ஊன்றி, நிமிராமல் ஒரே வீச்சில் அள்ளிப் போட வேணும். நிமிர்ந்து நின்று பார்த்துப் போடுகிற ஹாஃபைத் தடுப்பாளர் டச் பண்ணினால் பந்து எதிரணிக்கு.