மாயவரம் வீடு: குடும்பக் குழு

பெரியக்கா (காலை 9.12): பரண் ஏறியாச்சு. ஏணியைப் பிடித்துக்கொள்ள எதிர்வீட்டுப் பையன் வந்திருக்கிறான். அண்டா மூன்று, தவலை ஒன்று, வெண்கலப் பானை ஒன்று, ஈயச்சொம்பு ஒன்று. கொலுப் பெட்டிகள் பின்னால் இருக்கின்றன.

தம்பி: அக்கா, பழைய பாத்திரம் வாங்குகிறவரை வரச் சொல்லி மொத்தமாக எடைக்குப் போட்டுவிடு. ஒண்ணாம் தேதி குடித்தனம் வருகிறார்கள்.

பெரியக்கா: போட மாட்டேன். அம்மா உன் வீட்டில்தானே இருக்கிறாள்? ஒவ்வொன்றாகப் படம் அனுப்புகிறேன், காட்டிக் கேட்டுச் சொல். அப்பா போன பிறகு அவர் சைக்கிளை அவளைக் கேட்காமல் விற்றோம். ஆறு மாதம் கழித்து என்னிடம், "யார் வாங்கினது, ஓட்டுகிறாரா?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்னொரு தடவை அப்படி நடக்கக் கூடாது.

தங்கை (சிங்கப்பூர்): அக்கா சொல்வதுதான் சரி. நானும் பார்க்கிறேன், அனுப்பு.

சித்தி: தவலையின் கழுத்தைப் பார். பேர் வெட்டியிருக்கும்.

பெரியக்கா: கறுத்துக் கிடந்தது சித்தி. புளி போட்டுத் தேய்த்தேன். புள்ளி புள்ளியாக "கா. செ.", அதற்குக் கீழே 18-6-67. கொம்பு பாதி தேய்ந்துவிட்டது, விரலால் தடவினால்தான் தெரிகிறது.

சித்தி: உங்கள் அம்மா கல்யாணத் தேதி. உங்கள் பாட்டி கொடுத்த சீர். கடை வாசலிலேயே உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து வெட்டிக் கொடுப்பார்கள். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. அதனால்தான் முழுப் பேர் இல்லை.

தம்பி: அம்மா கண்ணாடி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அண்டா மூன்றும் நம் தெருப் பிள்ளையார் கோயிலுக்காம், மார்கழிப் பொங்கலுக்கு ஆகுமாம். ஈயம் பூசித்தான் கொடுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் களிம்பு ஏறிவிடும் என்கிறாள். வெண்கலப் பானை மட்டும் இங்கே வர வேண்டும். அதற்குப் பூச்சு தேவையில்லையாம். தவலை உனக்கு.

பெரியக்கா: 🙏

தங்கை: ஈயச்சொம்பு எனக்கு வேண்டும் அக்கா. அந்த ரசம்!

பெரியக்கா: எடுத்து வைக்கிறேன். ஆனால் வெறும் சொம்பை அடுப்பில் வைக்காதே, 232 டிகிரியிலேயே வெள்ளீயம் உருகிவிடும். புளித்தண்ணீர் ஊற்றின பிறகுதான் பற்றவைக்க வேண்டும். அப்புறம், பழைய சொம்பில் காரீயம் கலந்திருந்தால் விஷம். சோதித்துப் பார்க்கும்வரை அதில் சமைக்காதே.

பெரியக்கா (காலை 11.40): டிரங்குப் பெட்டியில் மூலப்பத்திரம், பட்டா எல்லாம் இருக்கின்றன, தனிப்பையில் வைத்துவிட்டேன். கரண்ட் பில் ரசீது ஒரு மூட்டை. தேதி போன மாத்திரை ஒரு பை. இவை போகட்டும், கேட்க வேண்டாம். அடியில் அம்மாவின் கூறைப்புடவை. மடிப்பு நெடுக நைந்துபோயிருக்கிறது.

சித்தி: நம் கூறைநாட்டிலேயே நெய்தது. பட்டும் பருத்தியும் கலந்து, கட்டம் போட்டது. மடிப்பை மாற்றி மாற்றி வைத்திருந்தால் நைந்திருக்காது.

தம்பி: அதை யாருக்கும் கொடுக்க வேண்டாம், இங்கே அனுப்பச் சொல்கிறாள்.

பெரியக்கா: பருத்தித் துணியில் சுற்றிவிட்டேன். இன்னொன்று. சமையலறையில் வெந்தய டப்பாவுக்குள் பழைய 500 ரூபாய் நோட்டு ஆறு. நாலாக மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு. ரப்பர் நோட்டிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

தம்பி: 2016 நவம்பர் 8-ஆம் தேதி செல்லாது என்று அறிவித்தார்களே, அந்த நோட்டா? இனி எந்த வங்கியிலும் மாற்ற முடியாது. 2017-இல் வந்த சட்டப்படி பத்து நோட்டு வரை கையில் வைத்திருக்கலாம். ஆறுதானே, பயமில்லை.

தங்கை: அம்மாவிடம் எதற்கு வைத்தது என்று கேள் அண்ணா.

தம்பி: உன் பிரசவத்துக்காம். பென்ஷனில் மிச்சம் பிடித்தது. எங்கே வைத்தோம் என்று மறந்துவிட்டாளாம். உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்ததாம்.

தங்கை: அந்த டிசம்பரில் "கையில் ஒன்றும் இல்லாமல் வந்துவிட்டேனே" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு இப்போதுதான் புரிகிறது. அக்கா, அந்த நோட்டை எனக்கு எடுத்து வை. டப்பாவோடு.

பெரியக்கா: வைத்துவிட்டேன்.

தம்பி: ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாவிட்டாலும் பரவாயில்லை அக்கா. குடித்தனக்காரரிடம் ஒரு வாரம் கேட்கிறேன். கொலுப் பெட்டியைத் திறந்து படம் அனுப்பு. அம்மா இன்னும் கண்ணாடியைக் கழற்றவில்லை.