ஐஸ் அறையை விதிகளால் ஓட்டிய கதை

கம்பஸ் கடைசி வருட ப்ரொஜெக்டுக்கு நான் எடுத்தது மெட்டாடெம் என்ற நிரல்மொழி. மைக்கேல் ஃபிஷரும் கூட்டாளிகளும் 1980களின் இறுதியில் தொடங்கிய வேலை. தர்க்க விதிகளை எழுதினால் போதும், அவற்றையே இயந்திரம் ஓட்டும். எல்லா விதிக்கும் ஒரே அச்சு: இதுவரை இப்படி நடந்திருந்தால், இனி இப்படிச் செய்.

திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் விடியப்புறம் படகுகள் ஐஸுக்கு நிற்குமே, அதைத்தான் எடுத்தேன். படகுகள் முகவர்கள், அதாவது தாமாக முடிவெடுத்து ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் நிரல்கள். ஐஸ் அறையும் ஒரு முகவர். அறைக்கு இரண்டே விதி. கேட்ட படகுக்கு எப்போதாவது கொடுக்க வேண்டும். ஒரே கணத்தில் இரண்டு படகுக்குக் கொடுக்கக் கூடாது. ஜாவா நிரல்மொழி என்றால் வரிசை, பூட்டு என்று பக்கம் பக்கமாகப் போயிருக்கும். இங்கே இந்தக் கணத்தில் கொடுக்க முடியாதது கடனாக அடுத்த கணத்துக்குப் போகும். பழைய கடனைத்தான் முதலில் தீர்க்கப் பார்க்கும்.

நன்றாகவே ஓடியது. கொஞ்சம் பெருமையடிக்கலாம் என்று ஐஸ் அறையில் நிற்கிற ஐயா ஒருவரிடம் விதிகளை வாசித்துக் காட்டினேன். கம்ப்யூட்டர் பக்கமே போகாத மனுசன்.

"தம்பி, மீன் பழுதான பிறகு குடுத்தாலும் உங்கட சட்டப்படி சரிதானே?"

சரிதான்! கெடு எங்கேயும் எழுதவில்லை. மேற்பார்வையாளர்கூடக் கேட்காத கேள்வி. ஜாவா நிரலைக் காட்டியிருந்தால் ஐயாவுக்கும் தோன்றியிருக்காது.

இத்தனை கணத்துக்குள் என்று மாற்றினேன். அப்புறம் ஒரேயடியாகப் படகுகள் வந்தால் விதிகள் முட்டிக்கொண்டன. முட்டினால் இயந்திரம் பின்னால் போய் வேறு வழி தேடும். ஆனால் மற்ற முகவர்களுக்குச் செய்தி போய்விட்டால், அந்தக் கணத்தைத் தாண்டிப் பின்னால் போக முடியாது. கொடுத்த ஐஸைத் திருப்பி வாங்கவா முடியும்?

— — —

அண்ணா, உங்கள் கதையை வாசித்தேன். நான் முகவர்களைச் செய்தது ஜேசனில். முகவர்களை எழுத ஆனந்த் ராவ் 1996இல் கொண்டுவந்த ஏஜென்ட்ஸ்பீக் மொழியை ஓட்டும் மென்பொருள் அது. அங்கே பின்னால் போகிற பேச்சே இல்லை. ஒரு திட்டம் தோற்றால் அந்தத் தோல்விக்கென்று இன்னொரு திட்டம் எழுதிவைப்போம். எனக்கு அதுதான் நிம்மதி. ஆனால் ஐயாவிடம் வாசித்துக் காட்டுகிற மாதிரி இருக்காது, உண்மைதான். கெடுவுக்குள் எல்லோருக்கும் முடியாவிட்டால் யாருக்கு முதலில் என்று அவரிடமே கேட்டிருக்கலாமே?

— — —

கேட்டேன். "மீனோட வந்து நிக்கிற போட்டுக்குத்தான் முதல். வெளிக்கிடுற போட் நிண்டு போகலாம்" என்றார். மூன்றாவது விதி அதுதான்.