சிமுலேஷன்: பாவனையா, உருவகமா, ஒத்திகையா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

சிமுலேஷன் என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் நான் கேட்ட கேள்விக்கு இவ்வளவு மடல்கள் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முதலில் பின்னணி.

அமெரிக்கக் காற்பந்தில் தினசரி ஃபேன்டசி போட்டிக்கு, அதாவது நிஜ வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, அவர்கள் நிஜ ஆட்டத்தில் ஆடுவதற்கேற்பப் புள்ளி பெறும் போட்டிக்கு, அணி அமைப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். (காலை விடக் கைக்கே வேலை அதிகம் உள்ள ஆட்டத்துக்கு இந்தப் பெயர் எப்படி நிலைத்தது என்பதைத் தனி இழையில் பேசலாம்.) இத்தகைய போட்டிகளை நடத்தும் டிராஃப்ட்கிங்ஸ் நிறுவனத்தின் வழக்கமான போட்டியில் 50,000 டாலர் கற்பனைச் சம்பளத்துக்குள் ஒன்பது இடங்களை நிரப்ப வேண்டும்: ஒரு குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்), இரண்டு ரன்னிங்பேக் (பந்தோடு ஓடுபவர்), மூன்று ரிசீவர் (எறிந்ததைப் பிடிப்பவர்), ஒரு டைட் எண்ட் (பிடிக்கவும் தடுக்கவும் செய்பவர்), ஒரு பொது இடம், ஒரு தற்காப்பு அணி. இதற்கு இரண்டு வகைக் கருவிகள் உண்டு. ஒன்று உகப்பாக்கி. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு சராசரிப் புள்ளியைக் கொடுத்தால், சம்பள வரம்புக்குள் கூட்டுத்தொகை அதிகமாக வரும் ஒன்பது பேரைப் பொறுக்கித் தரும். அதற்குத் தமிழ்ச்சொல் இருக்கிறது. மற்றொன்று, ஆட்டத்தைக் கணினியில் பலமுறை நடத்திப் பார்க்கும் சிமுலேஷன் கருவி. சிக்கல் இங்கேதான்.

> உருவகப்படுத்தல் என்று ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

வைத்துக்கொள்ளலாம் ஐயா. ஆனால் உருவகம் என்றால் நமக்கு முகத்தாமரைதான் நினைவுக்கு வருகிறது. "ஆட்டத்தைப் பத்தாயிரம் முறை உருவகப்படுத்தினார்" என்று எழுதிப் பார்த்தேன், யாரோ பத்தாயிரம் வெண்பா எழுதியது போல இருந்தது. பாவனையிலும் சிக்கல்தான். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய அக்கா சரியாகப் பிடித்தார்: அங்கே பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் பயன்படுத்துபவர். "பாவனைக் கருவியின் பாவனையாளர்" என்று எழுதினால் பாதி வாசகர்கள் ஓடிப்போவார்கள்.

என் பரிந்துரை ஒத்திகை. வெள்ளத்துக்கும் தீவிபத்துக்கும் நடத்தும் பயிற்சியைச் செய்தித்தாள்கள் ஒத்திகை என்றுதான் எழுதுகின்றன. ஒத்திருப்பது என்ற பொருளும் அதன் ஓசையிலேயே கேட்கிறது. வினையும் கூடவே வருகிறது: ஒத்திகை பார்.

> ஒத்திகை என்றால் ஒரே நாடகத்தைத் திரும்பத் திரும்ப நடித்துப் பார்ப்பது. இதில் ஒவ்வொரு தடவையும் முடிவு மாறுகிறதே?

இதுதான் வந்த மறுப்புகளில் வலுவானது. இதற்குப் பதில் சொல்லக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். குவார்ட்டர்பேக் 50 கெஜத்துக்கு ஒரு பந்தை எறிகிறார், ரிசீவர் அதைப் பிடித்து டச்டவுன் ஆக்குகிறார், அதாவது எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்க்கிறார் என்று வையுங்கள். டிராஃப்ட்கிங்ஸ் கணக்கில் எறிந்தவருக்கு 6 புள்ளி, பிடித்தவருக்கு 12. ஒரே எறிதல் இருவரையும் தூக்கிவிடுகிறது. சராசரியை மட்டும் கூட்டுகிற உகப்பாக்கிக்கு இந்த உறவு தெரியாது. நாம் தனியாக விதி போட்டுச் சொல்ல வேண்டும். ஒத்திகையில் அது தானாகவே வந்துவிடும். ஒரு தடவை சின்சினாட்டி அணி பின்தங்குகிறது, அதனால் அதிகம் எறிகிறது, அதன் குவார்ட்டர்பேக் பர்ரோவும் ரிசீவர் சேஸும் சேர்ந்து ஏறுகிறார்கள், ரன்னிங்பேக்கின் வேலை குறைகிறது. அடுத்த தடவை அதே அணி முன்னிலை பெறுகிறது, பந்தை ஓடியே நகர்த்துகிறது, கதை தலைகீழ். 2024 நவம்பரில் பால்டிமோருக்கு எதிராக இருவரும் நிஜமாகவே சேர்ந்து ஏறினார்கள்: பர்ரோ எறிந்தது 428 கெஜம், அதில் சேஸ் மட்டும் 264, எதிர்ப்பக்கக் குவார்ட்டர்பேக் லாமர் ஜாக்சனும் நான்கு டச்டவுன் எறிந்தார். சின்சினாட்டி 34-35 என்று தோற்றது. அணி தோற்றாலும் அந்தச் சோடியை வைத்திருந்தவர்களுக்குக் கொண்டாட்டம்.

ஆக, நாடகம் ஒன்றுதான், அதாவது நடிகர்களும் விதிகளும் மாறுவதில்லை. வசனம்தான் தடவைக்குத் தடவை மாறுகிறது. தீயணைப்பு ஒத்திகையிலும் இன்று மூன்றாம் மாடியில் தீ, நாளை அடித்தளத்தில். அதையும் ஒத்திகை என்றுதானே சொல்கிறோம்? மறுப்பு முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் மற்ற சொற்களை விட இதில் இடறல் குறைவு.

இன்னொரு வசதி. இந்தத் துறையில் இரண்டு அடுக்கு உண்டு. மேலே சொன்னது ஆட்ட ஒத்திகை. அதன்மேல் போட்டி ஒத்திகை: எதிராளிகள் எந்தெந்த வீரரை எத்தனை விழுக்காடு எடுப்பார்கள் என்று கணித்து, ஆயிரக்கணக்கான கற்பனை எதிரணிகளை உண்டாக்கி, பரிசுப் பட்டியலையும் சேர்த்து, நம் அணி எத்தனை தடவை பணம் கொண்டுவருகிறது என்று பார்ப்பது. பரிசின் பெரும்பங்கு முதல் சில இடங்களுக்கே போகும் போட்டிகளில் இதுதான் முக்கியம். எல்லோரும் எடுத்த அணியை நீங்களும் எடுத்தால், ஜெயித்தாலும் பங்கு போட வேண்டியதுதான். ஒத்திகை என்ற சொல் இரண்டு இடத்திலும் உறுத்தாமல் உட்காருகிறது.

ஒரே அணியின் குவார்ட்டர்பேக்கையும் ரிசீவர்களையும் சேர்த்து எடுப்பதை ஸ்டாக் என்பார்கள். அதற்கு "அடுக்கு" என்றார்கள் சிலர். எனக்குக் கொத்து பிடிக்கிறது. எறிபவரும் பிடிப்பவர்களும் ஒரு காம்பில் சேர்ந்திருப்பதை அது காட்டுகிறது. ஒரு வீரரை எத்தனை விழுக்காட்டினர் எடுத்தார்கள் என்பதைக் குறிக்கும் ஓனர்ஷிப் "உரிமை" அல்ல, தெரிவு விழுக்காடு.

தற்செயலாக எண்களை எடுத்து எடுத்து ஒத்திகை பார்க்கும் மான்டே கார்லோ முறைக்குக் "குடவோலை ஒத்திகை" என்று ஒரு நண்பர் எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன், நல்ல சிரிப்புதான். பானையில் கைவிட்டு ஓலை எடுப்பது கச்சிதமான படம். ஆனால் குடவோலையில் ஒருமுறை எடுத்தால் முடிவு. இங்கே எடுத்து, எழுதி, திரும்பப் போட்டு மறுபடி எடுக்கிறோம். அப்புறம், மான்டே கார்லோ என்ற பெயருக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். 1946இல் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்லா உலாம் சீட்டு விளையாடும்போது தோன்றிய யோசனை அது. சொந்தக்காரர்களிடம் கடன் வாங்கி மான்டே கார்லோவுக்குச் சூதாடப் போகும் அவருடைய மாமாவை நினைத்து, உடன் பணியாற்றிய இயற்பியலாளர் மெட்ரோபோலிஸ் வைத்த பெயர். மாமாவைத் துரத்த எனக்கு மனமில்லை. மான்டே கார்லோ ஒத்திகை என்றே இருக்கட்டும்.

> சூதாட்டத்துக்கு எதற்குக் கலைச்சொல்?

இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டத்துக்குப் பிறகு பணம் கட்டி ஆடும் வழி அடைபட்டுவிட்டது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. நான் யாரையும் ஆடச் சொல்லவில்லை. ஆனால் புயல் எங்கே கரை கடக்கும் என்று கணிப்பவர்களுக்கும் இதே சொல் வேண்டும், அவர்களும் சிமுலேஷன் என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

கட்டுரையை ஞாயிறு இரவு அனுப்ப வேண்டும். யாழ்ப்பாணத்து அக்கா, அங்கே ஒத்திகைக்கு வேறு பொருள் ஏதும் உண்டா? அதை மட்டும் சனிக்குள் சொல்லிவிடுங்கள்.