தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டவங்க இருக்கீங்களா? நடந்ததைச் சொல்லுங்க

பல்லடத்துக்காரன்:
தீயணைப்புத் துறையை நவீனமாக்க 2023-ல் மத்திய அரசு 5,000 கோடி ஒதுக்கிய செய்தியை யாரோ குரூப்பில் போட்டிருந்தார்கள். படித்ததும் எனக்குத் தண்ணீர் அடிக்கிற அந்த ஹோஸ் குழாய்தான் ஞாபகம் வந்தது. பக்கத்து குடோனில் கழிவுப் பஞ்சு பற்றிக்கொண்டது. வண்டி சீக்கிரமே வந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீர் சில நிமிடம்தான். விறைத்து நின்ற ஹோஸ் அந்தத் தம்பியின் கையிலேயே தட்டையாகிவிட்டது. திரும்பிப் பார்த்து, "இங்க தண்ணி எங்கீங்க இருக்குது?" என்றார். கிணறும் மோட்டாரும் பக்கத்திலேயே இருக்கின்றன. தீ என்றதும் முதலில் கரண்ட் மெயினைத்தானே இறக்கினோம்! அப்புறம் மோட்டார் எப்படி ஓடும்?

காங்கயம் நார்க்களம்:
தண்ணி இருந்தாலும் ஆகாதுங்க. தேங்காய் நார்க்கழிவு மேட்டில் அடிக்கிற தண்ணீர் மேலாகவே வழிந்துவிடும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். எங்கள் களத்தில் அணைந்துவிட்டது என்று வண்டி கிளம்பியது, பொழுது சாய மறுபடி புகை. ஜேசிபி ஒரு வாய் அள்ளித் தூக்கியதும் உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது. விடிய விடியப் பிரித்து நனைத்தோம்.

ஊத்துக்குளி அக்கா:
எங்களுக்கு நெருப்பு இல்லை, கிணறு. சினை மாடு விழுந்துவிட்டது. கயிற்றில் இறங்கிய தீயணைப்புப் பையன் மாட்டின் கழுத்தைத் தடவிக் கொடுத்து ஏதோ பேசிக்கொண்டே இருந்தான். மாடு அடங்கிய பிறகுதான் வயிற்றுக்கடியில் பழைய ஹோஸைக் கொடுத்துக் கட்டினான். கயிறு என்றால் அறுத்துவிடுமாம். என்ன பேசினான் என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.

சிங்காநல்லூர் ராம்:
2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர் குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தபோது வீட்டு ஜன்னலைத் திறக்க முடியவில்லை. என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் பல்லடத்து நண்பருக்குச் சொல்கிறேன், கோடி வந்தால் எல்லாம் சரியாகிவிடாது. அந்த 5,000-த்தில் 500 கோடி, சட்டத்தையும் கட்டமைப்பையும் திருத்தும் மாநிலங்களுக்கான ஊக்கத்தொகை. நம் தமிழ்நாட்டுத் தீயணைப்புச் சட்டமோ 1985-ல் போட்டது. அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணை தீயணைப்பை நகராட்சி வேலைகளில் சேர்த்திருக்கிறது. இங்கே அது இன்னும் மாநிலத் துறைதான். மாநகராட்சி கையில் கொடுத்தால் தண்ணீர் லாரியும் வண்டியும் ஒரே ஆள் சொல்படி ஓடும். குடோன் வைத்திருப்பவர்கள் டீசல் பம்பு ஒன்று தனியாக வையுங்கள், மெயினை இறக்கினாலும் அது ஓடும். கேட் அகலம் வண்டி தாராளமாக நுழைகிற அளவு இருக்க வேண்டும். முகப்பில் ஆர்ச் கட்டுகிறவர்கள் வண்டியின் உயரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டியை மூலையில் ஒளித்துவைக்காதீர்கள், வண்டி பக்கத்தில் வந்து உறிஞ்ச முடிய வேண்டும். மின் வயரிங்கை வருஷம் ஒருமுறை...

அந்தியூர் பக்கம்:
ராம் சார், மாநகராட்சி உங்களுக்கு இருக்கிறது. எங்களுக்கு இருப்பது ஊராட்சி. தெருவிளக்கு பல்பு மாற்றவே மூன்று தடவை சொல்ல வேண்டும், அது வண்டி வாங்கி ஆளும் போடுமா? மாநிலத் துறையாகவே இருக்கட்டும்.

எங்கள் கரும்புக் காடு எரிந்தபோது போனை எடுத்தவர் "எந்தப் பாளையம்?" என்றார். சொன்னேன். "மாரியம்மன் கோயில் பக்கம்" என்றும் சொன்னேன். இதே பெயரில் இன்னொரு பாளையம் இருக்கிறது, அங்கேயும் மாரியம்மன் கோயில் இருக்கிறது. வண்டி அங்கே போய் நின்று, "ஏனுங்க, புகையே காணோமே?" என்று கூப்பிட்டார்கள். எனக்குப் பின்னால் கரும்பு படபடவென்று வெடிக்கிற சத்தம் அவர்களுக்கும் கேட்டிருக்கும். இப்போது செல்போனில் லொகேஷன் அனுப்பலாம் என்கிறார்கள். எங்கள் காட்டில் டவர் கிடைத்தால் சரி.

பல்லடத்துக்காரன்:
ராம், டீசல் பம்பு விலை விசாரித்துவிட்டேன், ஓனரிடம் யார் சொல்வது என்பதுதான் பாக்கி. காங்கயத்து அண்ணா, அந்த ஜேசிபி வாடகையை யாருங்க கொடுத்தது?

காங்கயம் நார்க்களம்:
நாங்கதானுங்க. ராத்திரி ரேட்டு.